முதலில் யாரை? பலர் ஒரே நேரத்தில் அடிபட்ட இடத்தில் முடிவெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மாக் டிரில், அதாவது விபத்து ஒத்திகை நாளில் இருபது கல்லூரி மாணவர்களை மைதானத்தில் படுக்க வைப்போம். சட்டையில் சிவப்புச் சாயம், நெஞ்சில் குத்திய ஓர் அட்டை. அவரவர் நிலைமை அதில் எழுதியிருக்கும்: "மூச்சு நிமிடத்துக்கு 34", "மணிக்கட்டில் நாடி இல்லை", "கூப்பிட்டால் பதில் இல்லை". பயிற்சிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரையும் அரை நிமிடத்தில் பார்த்து, நிற டேக் கட்டிவிட்டு, அடுத்தவரிடம் போக வேண்டும்.

ஒரு முறை, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு பெண் முதல் பையனிடமே உட்கார்ந்துவிட்டார். அவன் நன்றாக நடித்தான். கையைப் பிடித்துக்கொண்டு "அக்கா, விட்டுட்டுப் போகாதீங்க" என்று கதறினான். அவன் அட்டையில் இருந்ததோ முழங்கை எலும்பு முறிவு மட்டும். நாலு நிமிடம் செலவழித்துக் கட்டுப் போட்டார், குறை சொல்ல முடியாத கட்டு. பத்தடி தள்ளிச் சத்தமே இல்லாமல் ஒரு மாணவி படுத்திருந்தாள். அவள் அட்டை சொன்னது: "மூச்சு இல்லை. தலையைச் சாய்த்து முகவாயைத் தூக்கினால் மூச்சு வரும்." யாரும் தூக்கவில்லை.

டிரில் முடிந்து அந்த அட்டையை வாசித்துக் காட்டினேன். அவர் முகம் வெளிறிவிட்டது. "கையைப் பிடிச்சுட்டான் மேடம். உதறிட்டு எப்படிப் போறது?" என்று கேட்டார்.

நிறங்களின் விதியை (சிவப்பு உடனே, மஞ்சள் அடுத்து, பச்சை காத்திருக்கலாம், கறுப்பு இப்போதைக்கு இல்லை) ஒரு மணி நேரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். பிடித்த கையை விடுவித்துக்கொண்டு எழுவதற்குத்தான் வருடக்கணக்கில் பழக வேண்டியிருக்கிறது. 108 ஆம்புலன்ஸில் வேலை செய்பவர்கள், தீயணைப்பு வீரர்கள், விபத்து நடந்ததும் முதலில் ஓடிப்போகும் ஊர் இளைஞர்கள், பேருந்து நடத்துநர்கள் எல்லாருக்காகவும் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு படியிலும் என்ன செய்ய வேண்டும் என்பதோடு, அங்கே மனசு எங்கே தடுக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

படி 1: விதியை முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்

அடிபட்டவர்களில் யாரை முதலில் பார்ப்பது என்று பிரிப்பதற்கு டிரையேஜ் என்று பெயர். அது பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பிரிப்பது, பொறுக்கியெடுப்பது என்று பொருள். கம்பளியையும் காப்பிக்கொட்டையையும் தரம் பிரிப்பதற்குப் புழங்கிய சொல், நம் மிளகாய் மண்டியில் பிரிப்பார்களே, அதுபோல. மனிதர்களுக்கு அந்தச் சொல்லா என்று முதலில் கேட்கும்போது உறுத்தும். உறுத்தட்டும், அது நல்லதுதான். நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் டொமினிக் ழான் லாரே, அதிகாரியா சிப்பாயா, நம்மவனா எதிரியா என்று பார்க்காமல் காயம் மோசமானவனை முதலில் பார்க்க வேண்டும் என்றார். அதுவரை பதவிதான் வரிசையைத் தீர்மானித்தது. 1949ஆம் ஆண்டு ஜெனிவா ஒப்பந்தமும் அதையே சட்டமாக்கியது: சிகிச்சையில் ஒருவரை முந்த வைக்க அவசர மருத்துவக் காரணம் மட்டுமே செல்லும்.

சாதாரண நாளில் நமக்கு ஒரு நோயாளி, அவருக்கு நம்மிடம் இருப்பதெல்லாம். பலர் அடிபட்ட இடத்தில் கணக்கு மாறுகிறது. கிடைக்கும் கைகளைக் கொண்டு எத்தனை பேரைப் பிழைக்க வைக்க முடியும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த மாற்றம் எப்போது நடக்கிறது? நூறு பேர் விழுந்தால்தான் என்றில்லை. ஷேர் ஆட்டோ கவிழ்ந்து ஐந்து பேர் கிடக்கிறார்கள், வந்திருப்பது ஒரு ஆம்புலன்ஸ், அதில் ஒரு ஈ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்), ஒரு பைலட் (ஓட்டுநர்) என்றால் அப்போதே மாறிவிட்டது.

அந்த இடத்தில் தனி ஒருவர் நின்று "இவருக்கு எவ்வளவு தகுதி" என்று யோசிக்கக் கூடாது. யோசித்தால் வயசு, முகம், அழுகை, உடுப்பு எல்லாம் உள்ளே வந்துவிடும். அதனால்தான் விதி. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச் தீயணைப்புத் துறையும் ஹோக் மருத்துவமனையும் சேர்ந்து 1983இல் உருவாக்கிய 'ஸ்டார்ட்' முறையை நான் கற்றுக்கொடுக்கிறேன். வேறு முறைகளும் உண்டு. எது என்பதைவிட, உங்கள் குழுவில் எல்லாரும் ஒரே முறையைப் பின்பற்றுவது முக்கியம். ஷிஃப்ட் ஆரம்பத்தில் பைலட்டிடம் கேளுங்கள்: "அண்ணே, பஸ் கவிழ்ந்திருந்தா நான் எண்ணப் போவேன், நீங்க கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்வீங்க. யாரையும் உடனே ஏத்த மாட்டோம். சரியா?" இதைச் சொல்லி வைக்க ஒரு நிமிடம் போதும்.

படி 2: நீங்கள் விழாமல் இருங்கள்

நம் ஊரில் இது அடிக்கடி நடக்கிறது. கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் மயங்கி விழுவார். தம்பி இறங்குவார். அவரைத் தூக்க மாமா இறங்குவார். மூவரும் வெளியே வருவதில்லை. பாழுங்கிணற்றிலும் இதே கதைதான். அன்பும் துணிச்சலும்தான் அவர்களை இறக்குகின்றன. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் அந்த இடத்தில் நிற்கும் ஈ.எம்.டி. செய்ய வேண்டியது, இறங்கப் போகிறவரின் இடுப்பைப் பிடித்து நிறுத்துவது. தீயணைப்புத் துறை மூச்சுக் கருவியோடு வரும்வரை யாரும் இறங்கக் கூடாது. மேலே நின்று திட்டு வாங்குவதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

அறுந்த மின்கம்பி, கசியும் கேஸ் டேங்கர், இருட்டில் வேகமாக வண்டிகள் வரும் நெடுஞ்சாலை எல்லாம் இதே வகை. உள்ளே கூப்பிடும் குரல் கேட்கும். நீங்கள் விழுந்தால் கைகளில் இரண்டு குறையும், காயம்பட்டவர்களில் ஒன்று கூடும்.

படி 3: முதல் ஆம்புலன்ஸ் யாரையும் ஏற்றாது

கூட்டத்துக்குப் புரிய வைக்க இதைவிடக் கடினமான விஷயம் இல்லை. வண்டி வந்து நின்றதும் நாலு பேர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். கதவைத் தட்டுவார்கள். "ஏத்துங்க, ஏத்துங்க" என்பார்கள். ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டால் உங்கள் கண் முன் இருந்தவருக்கு உதவினீர்கள். ஆனால் இங்கே எத்தனை பேர், எத்தனை வண்டி வேண்டும், எந்தப் பக்கமாக வர வேண்டும், எந்த ஜி.ஹெச். தயாராக வேண்டும் என்று சொல்ல யாரும் இல்லை. அடுத்த வண்டியும் இதையே செய்யும். கடைசியில் பேருந்துக்கு அடியில் கிடப்பவரை யாருமே எண்ணியிருக்க மாட்டார்கள்.

அதனால் முதல் குழு சுற்றிப் பார்த்து, எண்ணி, சொல்கிறது. ஏழு தகவல் போதும்: என்ன நடந்தது, சரியாக எங்கே, எந்த வழியாக வரலாம், என்ன ஆபத்து, தோராயமாக எத்தனை பேர், எவ்வளவு மோசம், இன்னும் யார் யார் வேண்டும். "பஸ்சும் லாரியும் மோதல், சுமார் 30 பேர், பத்துப் பேர் மோசம், தீயணைப்பும் கட்டர் கருவியும் வேணும், டீசல் கொட்டியிருக்கு." பைலட் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஈ.எம்.டி. நடக்க ஆரம்பித்துவிட வேண்டும்.

கூட்டத்தோடு சண்டை வேண்டாம், வேலை கொடுங்கள். "அண்ணே, இவரை இங்க படுக்க வைங்க. இந்தத் துணியை இங்க வச்சு ரெண்டு கையாலயும் அழுத்துங்க. நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க." வேலை கிடைத்தவர் கத்துவதை நிறுத்திவிடுவார். கேஸ், கோர்ட் என்று பயந்து ஒதுங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: 2016இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பாதுகாப்பு, 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாகவே வந்துவிட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குப் போட முடியாது. பெயர் சொல்லும்படியும் அவரை வற்புறுத்த முடியாது.

படி 4: நடக்க முடிந்தவர்களைப் பிரித்துவிடுங்கள்

உரத்த குரலில்: "நடக்க முடிஞ்சவங்க எல்லாரும் அந்தப் புளிய மரத்துக்கு வாங்க!" எழுந்து வருபவர்கள் பச்சை. ஒரு நொடியில் பாதிக் கூட்டம் பிரிந்துவிடும்.

இங்கே இரண்டு பிசகு உண்டு. பச்சை என்றால் ஆபத்தில்லை என்று அர்த்தம் இல்லை. வயிற்றுக்குள் ரத்தம் கசிபவரும் முதல் பத்து நிமிடம் நடப்பார். மரத்தடிக்கு ஒருவரை அனுப்பி, திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது, எழுந்து வராதவர் எல்லாரும் நடக்க முடியாதவர் அல்ல. காது கேளாதவர், சக்கர நாற்காலிக்காரர், குழந்தையை விட்டு நகர மறுக்கும் தாய், உங்கள் மொழி தெரியாதவர் எல்லாரும் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார்கள்.

மொழி என்றதும் எனக்கு 2023 ஜூன் 2 நினைவுக்கு வருகிறது. ஒடிசாவின் பாலசோர் அருகே பஹனகா பஜாரில், ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சரக்கு ரயிலில் மோதியது. தடம் புரண்ட பெட்டிகள் யஷ்வந்த்பூர்–ஹவுரா ரயில் மீதும் விழுந்தன. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஆயிரத்துக்கும் மேல் காயம். இருட்டில் முதலில் போனது பக்கத்து ஊர் மக்கள். அந்தப் பெட்டிகளில் தென்னிந்தியாவுக்கு வேலைக்குக் கிளம்பிய வங்காளத் தொழிலாளர்கள், ஒடியா பேசுபவர்கள், தமிழர்கள் எல்லாரும் இருந்தார்கள். "என் கையை அழுத்துங்க" என்று தமிழில் சொல்லி, பதில் வரவில்லை என்றால் அது மூளைக் காயமா, மொழியா? நம் பக்கத்துக் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் இன்று இதே நிலைதான். அதனால் வாயால் சொல்வதோடு கையாலும் காட்டுங்கள். உங்கள் இரு விரலை அவர் உள்ளங்கையில் வைத்து, நீங்களே முஷ்டி மடக்கிக் காட்டி, செய்கிறாரா என்று பாருங்கள்.

படி 5: ஆளுக்கு அரை நிமிடம்

இனி கிடப்பவர்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்தே ஆரம்பியுங்கள். சத்தம் வரும் பக்கம் போகாதீர்கள். கத்துகிறவருக்கு மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது. பேசாமல் கிடப்பவரைத்தான் தேட வேண்டும்.

மூச்சு இருக்கிறதா? இல்லையென்றால் தலையைச் சாய்த்து முகவாயைத் தூக்குங்கள், வாயில் அடைப்பிருந்தால் எடுங்கள். மூச்சு வந்தால் சிவப்பு, வராவிட்டால் கறுப்பு. மூச்சு இருந்து, நிமிடத்துக்கு 30க்கு மேல் போனால் சிவப்பு. அதற்குக் கீழே என்றால் மணிக்கட்டு நாடியைத் தொடுங்கள். நாடி இல்லை, அல்லது நகத்தை அழுத்தி விட்டதும் அதன் பழைய நிறம் திரும்ப 2 நொடிக்கு மேல் ஆகிறது என்றால் சிவப்பு. அதுவும் சரி என்றால், சொன்னதைச் செய்கிறாரா? செய்யாவிட்டால் சிவப்பு, செய்தால் மஞ்சள். அவ்வளவுதான்.

நடுவில் சிகிச்சைக்கு அனுமதி இரண்டே விஷயத்துக்கு: மூச்சுவழியைத் திறப்பது, பீறிடும் ரத்தத்தை நிறுத்துவது. டூர்னிகே (ரத்தத்தை நிறுத்தக் கை காலில் இறுக்கும் பட்டை) இருந்தால் இறுக்கிவிட்டு நகருங்கள், இல்லையென்றால் பக்கத்தில் நிற்பவர் கையை எடுத்துக் காயத்தின் மேல் வையுங்கள்.

பரிதாபப்பட்டு எல்லாருக்கும் சிவப்புக் கட்டிவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. அன்பில் செய்வதுதான். ஆனால் ஆறு சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் பதினைந்து சிவப்பு இருந்தால், முதல் வண்டியில் உண்மையான சிவப்பு ஏறும் வாய்ப்புப் பாதிக்கும் கீழே போய்விடும். மஞ்சள் கட்டும்போது கை நடுங்கினாலும் மஞ்சள் என்றால் மஞ்சளே கட்டுங்கள்.

சரி, அந்தப் பிடித்த கை. நான் சொல்லித்தருவது இது. உதறாதீர்கள். அவர் கையின் மேல் உங்கள் மற்றொரு கையை வையுங்கள். கண்ணைப் பார்த்து, "தம்பி, நீ பேசுற, மூச்சு நல்லா விடுற. உனக்கு ஆள் வருது. நான் மத்தவங்களைப் பாத்துட்டு வரேன்" என்று சொல்லி, விரல்களை ஒவ்வொன்றாக விலக்குங்கள். மொத்தம் ஐந்து நொடி. டிரில்லில் இதையும் நாங்கள் பழகுகிறோம், நிஜமாகவே பிடிக்கச் சொல்லி. முதல் தடவை பலரும் அழுதுவிடுவார்கள். ஐந்தாவது தடவை கை தானாகச் செய்யும். விபத்து நாளில் அதுதான் கைகொடுக்கும்.

படி 6: குழந்தை

குழந்தை என்றால் எல்லாருக்கும் சிவப்பு கட்டத்தான் தோன்றும். நான் அதை ஏற்பதில்லை. ஆனால் குழந்தைகளுக்கு விதி வேறு, அது பரிதாபத்தால் வந்ததல்ல, உடலின் காரணத்தால் வந்தது. பெரியவர்களுக்குக் காயத்தில் மூச்சு நின்றால் பெரும்பாலும் இதயமும் நின்றிருக்கும். குழந்தைக்கு மூச்சு முதலில் நிற்கும், இதயம் இன்னும் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சின்ன இடைவெளியில் காப்பாற்றலாம். அதனால் 'ஜம்ப்ஸ்டார்ட்' முறையில், மூச்சுவழியைத் திறந்தும் மூச்சு வராமல், நாடி இருந்தால், ஐந்து முறை மூச்சு ஊத வேண்டும். மூச்சு தொடங்கினால் சிவப்பு. இல்லையென்றால் கறுப்பு, நகர வேண்டும். மூச்சு எண்ணிக்கையும் வேறு: 15க்குக் கீழேயும் 45க்கு மேலேயும் சிவப்பு.

அந்தக் கடைசி வரியைத் தட்டச்சு செய்யும்போதே எனக்குக் கை நிற்கிறது. ஐந்து ஊதலுக்குப் பிறகு ஒரு குழந்தையை விட்டு எழுவது மனித இயல்புக்கு எதிரானது. எழ முடியாத நாள் வந்தால் அதற்காக உங்களை யாரும் குற்றவாளி ஆக்கக் கூடாது. ஆனால் எழ முடியவில்லை என்றால் உடனே சத்தமாகச் சொல்லுங்கள்: "நான் இங்க நின்னுட்டேன், வேற யாராவது எண்ணுங்க." பையைக் கைமாற்றுங்கள். சொல்லாமல் நின்றுவிட்டால் எண்ணும் வேலை அங்கேயே நின்றுபோகும்.

கர்ப்பிணிக்குத் தனி நிறம் கிடையாது. தாயின் மூச்சும் நாடியும்தான் நிறத்தைச் சொல்லும். ஐந்து மாதத்துக்கு மேல் என்றால் இடது பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள்.

படி 7: கறுப்பு டேக்

கறுப்பு கட்டுவது மரணச் சான்றிதழ் அல்ல. இறந்துவிட்டார் என்று அறிவிப்பது மருத்துவரின் வேலை. நம் கறுப்பு சொல்வது, இப்போது இருக்கும் கைகளோடு இவருக்காக நிற்க முடியவில்லை என்று மட்டும். சில முறைகளில் மூச்சு இருந்தும் பிழைக்க வாய்ப்பில்லாதவருக்குச் சாம்பல் நிறம் தனியாக உண்டு. எனக்கு அது நேர்மையாகத் தோன்றுகிறது. மூச்சு இருப்பவரையும் இல்லாதவரையும் ஒரே நிறத்தில் போட்டுவிட்டால், திரும்பிப் பார்க்க மறந்துவிடுவோம்.

முதல் சுற்று முடிந்து கைகள் கூடியதும் கறுப்புக்கும் சாம்பலுக்கும் திரும்பிப் போங்கள். இதைக் கட்டாயமாக வையுங்கள். காத்திருக்கும் வேளையில் ஒரு தன்னார்வலரைச் சாம்பல் நிறத்தவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். கையைப் பிடித்திருப்பதற்கும், பெயர் கேட்பதற்கும், உதட்டை நனைப்பதற்கும் பயிற்சி தேவையில்லை. கூட்டத்தில் ஒரு பாட்டியைக் கேட்டால்கூட உடனே வந்து உட்காருவார்.

திரும்பி வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மான்செஸ்டர் பாடம். 2017 மே 22 இரவு, இங்கிலாந்தின் மான்செஸ்டர் அரங்கில் இசை நிகழ்ச்சி முடிந்து மக்கள் வெளியேறும்போது குண்டு வெடித்தது. 22 பேர் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்த கூடத்துக்குள் முதல் 40 நிமிடம் அளவுக்கு இருந்தது ஒரே ஒரு பாராமெடிக். மொத்தமாகவே மூன்று பாராமெடிக்குகள்தான் உள்ளே வேலை செய்தார்கள். தீயணைப்புக் குழுவினர் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இன்னொரு தாக்குதல் இருக்குமோ என்ற அச்சமும், துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாததும் காரணங்கள். கால்களில் படுகாயத்தோடு கிடந்த ஓர் இளைஞரின் காலை, பொதுமக்களில் ஒருவர் தன் மனைவியின் பெல்ட்டால் கட்டி, ஒரு மணி நேரம் அளவுக்குப் பிடித்துக்கொண்டே இருந்தார். காயம்பட்டவர்களை விளம்பரப் பலகையிலும் தடுப்புக் கம்பியிலும் வைத்துத்தான் வெளியே தூக்கினார்கள். 2022 நவம்பரில் வந்த விசாரணை அறிக்கை, உரிய சிகிச்சை கிடைத்திருந்தால் அந்த இளைஞர் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்று சொன்னது.

உள்ளே தனியாக நின்ற அந்தப் பாராமெடிக்கை நான் குற்றம் சொல்ல மாட்டேன். எண்ணுபவர் எண்ணத்தான் வேண்டும். எண்ணி முடித்தபின் சிகிச்சைக்கு ஆள் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பிரிப்பதற்கும் சிகிச்சைக்கும் நடுவில் விழுந்த அந்த இடைவெளியில்தான் உயிர் போனது. அதற்குப் பிறகு பிரிட்டன் போலீஸாரும் பயன்படுத்தும்படி, ஆளுக்குப் பத்து நொடியில் முடியும் ஒரு முறையைக் கொண்டுவந்தது. அதில் ரத்தப்போக்கைத் தடுப்பது பிரிக்கும் வேலைக்குள்ளேயே இருக்கிறது. 'இறந்தவர்' என்று முத்திரை குத்தாமல் 'மூச்சில்லை' என்று மட்டும் குறிக்கிறார்கள்.

படி 8: விதியை வளைக்கச் சொல்பவர்கள்

கட்சிக்காரர் ஒருவர் வந்து தோளைத் தொடுவார். "தம்பி, அவர் யாருன்னு தெரியுதா?" தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒரே பதில்: "அண்ணே, அவர் மஞ்சள். சிவப்பு நாலு பேர் போனதும் அவர்தான்." வாதம் வேண்டாம். டேக்கைக் காட்டுங்கள். அது நீங்கள் கட்டியதாக இருந்தாலும், அந்த நேரத்தில் அது விதியின் குரல். குழு முழுக்க ஒரே முறையைப் பின்பற்றினால், தனி ஆளாக நின்று எதிர்க்க வேண்டியதில்லை.

ஓட்டுநர் விஷயம் இதைவிடக் கடினம். குடித்துவிட்டு ஓட்டி, ஐந்து பேரைச் சாய்த்தவர் ஸ்டீயரிங்கில் மாட்டிக்கொண்டிருக்கிறார். கூட்டம் அவரை அடிக்கிறது. அவர் சிவப்பு, அவர் மோதிய பெண் மஞ்சள். அவரைத்தான் முதலில் தூக்க வேண்டும். எவ்வளவு கசந்தாலும் அதுதான் சரி. தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை. அதை நாம் கையில் எடுத்துக்கொண்டால், நாளைக்குச் சாதி பார்த்தும் மதம் பார்த்தும் டேக் கட்டுவதற்கு வாசல் திறந்துவிட்டோம் என்று பொருள். அவரைச் சுற்றி நாலு பெரியவர்களை நிற்க வைத்துவிட்டு, போலீஸ் வரும்வரை வேலையைப் பாருங்கள்.

உங்கள் சொந்தக்காரரே கிடந்தால்? உங்களால் அங்கே டிரையேஜ் செய்ய முடியாது, முடியும் என்று நினைக்கவும் வேண்டாம். டேக் கட்டைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு அவரிடம் போங்கள்.

படி 9: விதி தலைகீழாகும் இடங்கள்

மின்னல். நடவு வயலிலோ மரத்தடியிலோ நாலைந்து பேர் மேல் விழுந்திருந்தால், பேச்சு மூச்சில்லாமல் கிடப்பவர்தான் முதல். அசைபவர்கள் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள். மின்னல் இதயத்தையும் மூச்சையும் சட்டென்று நிறுத்துகிறது. உடனே நெஞ்சை அழுத்தி மூச்சு ஊதினால் திரும்ப வாய்ப்புண்டு. தொட்டால் ஷாக் அடிக்காது, பயப்படாமல் தொடலாம். அடுத்த இடி விழாத இடமா என்று மட்டும் பாருங்கள்.

இடிபாடு. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். மூன்று நாள் கழித்தும் ஒருவர் உயிரோடு மீட்கப்பட்டார். ஒருவரை வெளியே எடுக்க மூன்று மணி நேரம் ஆகும், அந்த நேரத்தில் வேறு மூவரை எடுக்கலாம் என்றால்? எளிதாக எடுக்க முடிந்தவர்கள் முதலில். ஆனால் மாட்டிக்கொண்டவரோடு பேச ஒருவரை நிறுத்துங்கள். கால் நசுங்கி நெடுநேரம் கிடந்தவரை அவசரப்பட்டு இழுத்துவிடாதீர்கள். அழுத்தம் விலகியதும் நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்தலாம். விடுவிப்பதற்கு முன்பே நரம்பில் திரவம் ஏற்ற வேண்டும்.

படி 10: யாரை, எங்கே

எல்லாரையும் பக்கத்து ஜி.ஹெச்.சுக்கு அனுப்பினால், விபத்து நடந்த இடத்தை அங்கே மாற்றி வைத்ததாகத்தான் ஆகும். பச்சைக்காரர்கள் ஆட்டோ பிடித்துத் தாங்களே முன்னால் போய், படுக்கையை நிரப்பிவிடுவார்கள். 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் என்ற நச்சு வாயுத் தாக்குதல் நடந்தபோது, ஒரே மருத்துவமனைக்கு அன்று 600க்கு மேற்பட்டோர் வந்தார்கள், பெரும்பாலானவர்கள் ஆம்புலன்ஸ் இல்லாமல் வந்தவர்கள். அதனால் பச்சைக்கு ஒரு பேருந்தை ஏற்பாடு செய்து, கொஞ்சம் தள்ளியிருக்கும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். சிவப்பை அறுவை வசதி உள்ள இடங்களுக்குப் பிரித்து அனுப்புங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் விபத்து சிகிச்சைப் பிரிவுகளிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்றுதான் பிரிக்கிறார்கள், உங்கள் டேக்கை அங்கே பேசாமலே புரிந்துகொள்வார்கள். தனியார் மருத்துவமனை வாசலில் "போலீஸ் கேஸ்" என்று தயங்கினால், உயிரைக் காப்பதுதான் முதல் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டதை நினைவுபடுத்துங்கள். தமிழ்நாடு அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் பதிவான மருத்துவமனைகளில், சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது.

படி 11: உறவினரிடம் என்ன சொல்வது

"ஏன் எங்க அம்மாவை விட்டுட்டு அந்த ஆளைத் தூக்குனீங்க?" இந்தக் கேள்வி வந்தே தீரும். பொய் சொல்லாதீர்கள். "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னது பின்னால் அவர்களைப் பல வருடம் வதைக்கும். உட்கார்ந்து, கண் மட்டத்தில்: "தம்பி, நான்தான் அம்மாவைப் பார்த்தேன். மூச்சு வழியைத் திறந்து பார்த்தேன், மூச்சு வரல. அவருக்கு இன்னும் மூச்சு இருந்துச்சு. அதனால அவரை முதல்ல ஏத்தினோம். அம்மாகிட்ட இப்ப நானே வரேன், வாங்க." அவர் திட்டினால் திட்டட்டும், அடிக்கக் கை ஓங்கினால் விலகி நில்லுங்கள். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகாதீர்கள். யாரும் போன் எடுத்துக் கிடப்பவர்களைப் படம் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு வேட்டியோ சேலையோ மறைப்பாகப் பிடிக்கலாம்.

படி 12: வண்டியைக் கழுவிய பிறகு

அன்றே எழுதி வைத்துவிடுங்கள்: எத்தனை மணிக்கு வந்தோம், எத்தனை சிவப்பு, எந்த நேரத்தில் மறுபடி பார்த்தோம், எந்த மருத்துவமனைக்கு யார் போனார்கள். நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் உங்களைக் காப்பது அந்தத் தாள்தான். உங்கள் மனசே கேட்டாலும் அதுதான்.

அடுத்து, குழுவாக உட்காருங்கள். டீ குடித்துக்கொண்டே அரை மணி நேரம். யார் எதைப் பார்த்தார்கள், எங்கே தடுமாறினோம் என்று பேசுங்கள். "நீ ஏன் அங்க நின்ன" என்று குற்றம் சாட்டும் கூட்டமாக அது மாறாமல் மூத்தவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு முகம் வாரக்கணக்கில் கனவில் வந்தால், தூக்கம் போனால், சைரன் சத்தத்துக்கே உடம்பு நடுங்கினால் அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸுக்குக் கூப்பிடுங்கள். தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. விதியைச் சரியாகப் பின்பற்றியவர்களுக்கும் இது வரும். அவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது என்பது என் அனுபவம், ஏனென்றால் விட்டுவிட்டுப் போனது அவர்கள் கால்கள்தான்.

டிரில்லில் கட்டுப்போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்த அந்தப் பெண் இப்போது எங்கள் பயிற்சிகளில் மூத்த ஆள். ஒவ்வொரு தடவையும் முதலில் படுத்துக்கொண்டு, புதிதாக வருகிறவரின் கையைப் பிடிப்பது அவர்தான். இறுக்கிப் பிடிப்பார், "விடு பார்க்கலாம்" என்பார். பயிற்சி முடிந்ததும் டேக் கட்டுகளை எண்ணி, நூல் சிக்கலை எடுத்து, சிவப்பு மேலே வரும்படி பையில் அடுக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்.